எவரி வேனுக்கு முன் சொக், லோவர் ஆர்ம், டை ரொட் எண்ட் வளவிலயே கழட்டிப் பூட்டுறது எப்பிடி

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, நடுவில நிக்கிற வாகனத்துக்குக் கறள் பிடிக்க ஒரு மாரி போதும். என்னட்ட நிக்கிறது சுசுகி எவரி, கிழமைக்கு மூணு தரமாவது மண்முனைப் பாலத்தால வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போய் வரும், கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளுக்கு இறங்கினா கிரவல் ரோட்டு, தண்ணி நிண்ட குழியெல்லாம் வெயிலுக்குக் காஞ்சு சட்டி மாதிரி இருக்கும், அதுக்குள்ள விழுந்து எழும்பி எழும்பி முன்பக்கம் முழுக்க ஆட்டம் குடுத்திட்டு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பிறகு 2025 தொடக்கம் வரைக்கும் எல்லாரும் இருக்கிறதத்தான் தட்டித் தட்டி ஓடினம், இப்ப திறந்தும் புது வாகன விலையப் பாத்தா பழையதுக்கே சாமான் வாங்கிப் போடலாம் போலதான் இருக்கு.

அதால நானும் மச்சானும் ஒரு ஞாயித்துக்கிழமை வளவிலயே முன் சொக் ரெண்டு, லோவர் ஆர்ம் ரெண்டு, டை ரொட் எண்ட் ரெண்டு எல்லாத்தையும் மாத்தினம். சொக் எண்டுறது குலுக்கத்த அடக்கிற குழாய், லோவர் ஆர்ம் சில்லக் கீழால பொடியோட (வேன் உடம்போட) பிடிக்கிற கை, டை ரொட் எண்ட் ஸ்டியரிங் கம்பியச் சில்லோட இணைக்கிற நுனி. முதலே ஒண்டு சொல்லிப்போடுறன், சாமான் மாத்துறது பெரிய வேலையே இல்ல, கறள் பிடிச்ச போல்ட்டக் கழட்டுறதுதான் வேலை. நாள்ல முக்கால்வாசி அதுக்குத்தான் போகும், அத மனசில வச்சு ஆயத்தம் செஞ்சா மத்ததெல்லாம் சுகம்.

ஹையேஸ் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. டொல்பின், கேடிஎச் எண்ட ரெண்டு ஹையேஸ் மொடலுக்கும் முன்னால சுருள் ஸ்பிரிங் இல்ல, டோஷன் பார் எண்டு நீட்டுக் கம்பி முறுகித்தான் பாரத்தத் தாங்குது. சொக் மட்டும் மாத்துறதெண்டா அதுவும் வீட்டில செய்யலாம், ஆர்ம்ல கை வைக்கிறதெண்டா முதல் அந்த முறுக்க இளக்கணும், அது வேற கதை. இங்க சொல்றது எவரி மாதிரி, சொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டா நிக்கிற ஸ்ட்ரட் முன்பக்கத்துக்கு.

எது பழுது எண்டு முதல் பிடிங்க

சத்தம் கேட்ட உடன சொக் வாங்க ஓடாதீங்க. முதல் வேனுக்குள்ள இருக்கிறதெல்லாம் இறக்குங்க, ஜெக், வீல் பிரேஸ், சீட்டுக்குக் கீழ உருளுற தேங்காய் எல்லாம். சிரிக்காதீங்க, நான் ரெண்டு கிழமையாக் கேட்ட சத்தத்தில பாதி ஜெக் கம்பி.

மறுகா முன்பக்கத்துக் கரையில கைய வச்சு நல்லா அமுக்கி விடுங்க. ஒருக்கா எழும்பி நிண்டா சரி, ரெண்டு மூணு தரம் ஆடினா சொக் போய்ட்டு. சொக் மேல லேசா எண்ணெய் ஈரம் மாதிரி இருந்தாப் பயமில்ல, ஒழுகி மண் அப்பிக் கிடந்தா முடிஞ்சது. டயரக் கையால தடவிப் பாருங்க, மேடு பள்ளமா தேஞ்சிருந்தா சொக், ஒரு கரை மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் (சில்லு நிக்கிற கோணம்) இல்லாட்டி புஷ் (ஆர்ம் பொடியோட சேர்ற இடத்து ரப்பர்).

பிறகு ஜெக்கில தூக்கி, டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா போல் ஜொயின்ட்டாவும் (ஆர்ம் நுனியில இருக்கிற உருண்டை மூட்டு) இருக்கலாம், வீல் பேரிங்காவும் இருக்கலாம், ரெண்டயும் பிரிச்சு அறிய ஒரு ஆள உள்ளுக்கு ஏத்தி பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு ஆட்டுங்க, ஆட்டம் நிண்டா பேரிங், நிக்காட்டி போல் ஜொயின்ட். இடது வலதாப் பிடிச்சு ஆட்டும்போது டக் எண்டா டை ரொட் எண்ட், இல்லாட்டி அதுக்கு உள்ளுக்கு இருக்கிற ரெக் எண்ட். ரப்பர் கவருக்கு மேல ஒரு கைய வச்சிட்டு மத்தவர ஆட்டச் சொன்னா விரலுக்கே தெரியும் எது எண்டு. புஷ்ஷுக்கு அலவாங்கு நுனிய ஆர்முக்கும் பொடிக்கும் இடையில குடுத்து மெல்ல நெம்பிப் பாருங்க, ரப்பர் கிழிஞ்சிருந்தா வாய் பிளந்து காட்டும்.

வாகனம் நிக்கும்போது ஸ்டியரிங்க முழுக்கத் திருப்பினா டொங் எண்டு ஸ்பிரிங் துள்ளுற சத்தம் வந்தா அது சொக்குக்கு மேல் நுனியில இருக்கிற மவுண்ட் பேரிங். சொக் மாத்தும்போது அதையும் சேத்து வாங்கிடுங்க, பிறகு அதுக்கெண்டு திரும்பக் கழட்டினா உங்களுக்கே கோவம் வரும்.

சாமான் வாங்குறது

சொக் எப்பவும் சோடியா மாத்தணும். ஒண்டு புதுசு ஒண்டு பழசு எண்டா பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். கேவைபி (KYB) சொக்கும், டை ரொட் எண்ட், போல் ஜொயின்ட்டுக்கு த்ரிபிள் ஃபைவும் (555) ரெண்டும் ஜப்பான் சாமான், நான் அதத்தான் தேடுவன். மட்டக்களப்பு டவுணிலயும் கல்முனையிலயும் இல்லாதத கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில போட்டு விடுவாங்க, ஆனா செசி நம்பரக் குடுத்து வாங்குங்க, சும்மா எவரி எண்டா மாறி வரும்.

ரீகண்டிஷன், அதாவது வெளிநாட்டில ஓடின வாகனத்தில கழட்டின சொக்குக்கு நான் காசு குடுக்க மாட்டன். ரீகண்டிஷன் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், சொக் எண்டுறது ஓட ஓடத் தேயுற சாமான், அங்க தேஞ்சத இங்க பூட்டுறதில என்ன இருக்கு.

லோவர் ஆர்ம்ல புஷ் மட்டும் மாத்தலாமா எண்டு கேப்பீங்க. மாத்தலாம், ஆனா புஷ் அடிக்கப் பிரஸ் வேணும், வீட்டில சுத்தியலால அடிச்சு ஏத்தினா ரப்பர் சரிஞ்சு போகும், லேத் கடைக்குக் கொண்டு போகணும். போல் ஜொயின்ட்டும் போயிருந்தா முழு ஆர்மா வாங்குறது லாபம். ஆர்ம் போல்ட்டும் நட்டும் கட்டாயம் புதுசா முதலே வாங்கி வைங்க, ஏனெண்டு பிறகு சொல்றன்.

ஆயுதம்

12, 14, 17, 19 ஆம் நம்பர் சொக்கட், அரை இஞ்சி நீட்டுக் கம்பி, அதுக்கு மேல போட ஒரு ஜீஐ பைப்புத் துண்டு, ரிங் ஸ்பானர் செட், சுத்தியல் ரெண்டு, அலவாங்கு, வயர் பிரஷ், இரும்பறுக்கிற வாள், குறடு, கட்டுக்கம்பி, கோடு போட டிப்பெக்ஸ் (எழுத்தழிக்கிற வெள்ளை மை) போத்தல் ஒண்டு. டோர்க் ரென்ச் (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பானர்) இல்லாட்டி யாரிட்டயாவது இரவல் வாங்குங்க. எக்ஸல் ஸ்டாண்ட் (தூக்கின வேனத் தாங்குற இரும்புக் கால்) ரெண்டு, இது இல்லாம வேலை தொடங்க ஒண்ணா.

ரெண்டு நாளைக்கு முதல்

கழட்டப் போற எல்லா நட்டு போல்ட்டையும் வயர் பிரஷால தேய்ச்சு, கறள் இளக்குற ஸ்பிரே அடிங்க. அந்தியில ஒருக்கா, அடுத்த நாள் ஒருக்கா, அதுக்கடுத்த நாள் வெள்ளாப்பில ஒருக்கா. பிரேக் டிஸ்க்கிலயும் பேட்டிலயும் படாம பழஞ்சீலையால மூடிட்டு அடிங்க. நட்டுக்கு வெளிய நீட்டிக்கொண்டிருக்கிற புரியையும் வடிவாத் தேய்ச்சு எடுங்க, நட்டு வெளிய வரக்குள்ள அந்தப் புரியில இருக்கிற மண்தான் இறுக்கும்.

தூக்குறது

எங்கட பக்கம் வளவு எல்லாம் குருமணல், ஜெக்க வச்சா வேன் எழும்பாது, ஜெக்தான் கீழ போகும். சீமெந்துத் தரை இருக்கிற இடத்தில விடுங்க, இல்லாட்டி தடிச்ச பலகை ரெண்டக் குறுக்கால போட்டு அதுக்கு மேல ஜெக்கும் ஸ்டாண்டும் வைங்க. தென்னைக்குக் கீழ விடாதீங்க, அது வேற விசயம்.

சீமெந்துக் கல்ல அடுக்கி அதுக்கு மேல வேன இறக்கிட்டுக் கீழ படுக்கிற பழக்கம் இஞ்ச நிறைய ஆக்களிட்ட இருக்கு. அந்தக் கல்லு சொல்லாமக் கொள்ளாம ஒரு நொடியில நொறுங்கும், மரக்குத்தி எண்டாலும் நசிஞ்சு காட்டும், கல்லு காட்டாது. பின் டயர் ரெண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர். வீல் நட்ட டயர் தரையில இருக்கும்போதே அரைச் சுத்து இளக்கிட்டு, பிறகு தூக்கி, பொடியில ஜெக்குக்கெண்டு பலமா அமைச்ச இடத்தில ஸ்டாண்ட வச்சு இறக்குங்க. கழட்டின டயரக் கரைக்குக் கீழ தள்ளி விடுங்க, ஸ்டாண்ட் சரிஞ்சாலும் டயர் தாங்கும். கைய வச்சு வேன ஒருக்கா பலமா ஆட்டிப் பாத்திட்டு உள்ளுக்குப் போங்க.

ஒரு நேரத்தில ஒரு பக்கம்தான் கழட்டணும், மத்தப் பக்கம் பூட்டினபடி இருந்தா மறந்ததப் போய்ப் பாக்கலாம். போனில படமும் எடுத்து வைங்க.

டை ரொட் எண்ட்

உள்ளுக்கு இருக்கிற லொக் நட்டக் கால் சுத்து மட்டும் இளக்கி, அது நிக்கிற இடத்துக்கு டிப்பெக்ஸால ஒரு கோடு போடுங்க. மறுகா போல் பக்கத்தில ஸ்பிலிட் பின்ன இழுத்து எடுத்து, நட்டக் கழட்டி, ரெண்டு மூணு புரி பிடிக்கிற மாதிரித் திரும்பப் போட்டு விடுங்க, இல்லாட்டி படக்கெண்டு விழுந்து கையில அடிக்கும்.

நான் வழமை போல நட்டுக்கு மேலால குத்தி அடிச்சுக்கொண்டிருந்தன், அசையவே இல்ல. பக்கத்து வளவு மாமா, முந்தி டிப்போவில வேலை செஞ்சவர், வேலிக்கு மேலால பாத்திட்டு, "மகன், அத மேலால அடிக்கப்படாது, புரிதான் நசியும். அது பூந்திருக்கிற காதப் பாத்து பக்கத்தால அடி" எண்டார். அவரே வந்து ஒரு சுத்தியல ஒரு பக்கம் அண்டக் குடுத்துப் பிடிச்சிட்டு, மத்தப் பக்கத்தால ஓங்கி ரெண்டு போட்டார், ரெண்டாவது அடிக்கே டொப் எண்டு விழுந்திட்டு. விசயம் என்னெண்டா அது கூம்பு மாதிரிப் பூந்து இறுகி நிக்கிறது, காது ஒரு கணம் நெளிஞ்சு குடுத்தாப் போதும், பிடி விட்டிடும். ஃபோர்க் மாதிரி ஒரு ஆயுதமும் இருக்கு, அது ரப்பரக் கிழிக்கும், பழசுக்குப் பரவாயில்ல.

பழச எத்தின சுத்துச் சுத்திக் கழட்டுறீங்க எண்டு எண்ணுங்க, புதுச அதே எண்ணிக்கைக்கு ஏத்துங்க, டிப்பெக்ஸ் கோட்டுக்கு லொக் நட்டு வந்து நிக்கணும். புது நட்ட இறுக்கும்போது போல் சேந்து சுத்தினா கீழால ஜெக்க வச்சு லேசா அமுக்கிப் பிடிங்க, கூம்பு இறுகி நிண்டிடும். ஸ்பிலிட் பின் ஓட்டைக்கு நேர வரல்ல எண்டா நட்டப் பின்னுக்கு இளக்காதீங்க, முன்னுக்கு இறுக்கித்தான் நேராக்கணும்.

சொக்

பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர் இருந்தா அது, ஸ்டெபிலைசர் லிங்க் (வேன் சரியாமப் பிடிக்கிற கம்பியோட சேர்ற சின்னக் கம்பி) சொக்கில பூட்டியிருந்தா அதுவும் கழட்டணும். பிறகு சொக்க நக்கிளோட (சில்லத் தாங்குற இரும்பு) பிடிக்கிற ரெண்டு பெரிய போல்ட், அதுகளக் கழட்ட முதல் தலை நிக்கிற இடத்தச் சுத்தி டிப்பெக்ஸால கோடு, ஏனெண்டா அந்த ஓட்டையில இருக்கிற சின்ன இடைவெளியிலயே டயர் சரிவு மாறும். நட்டத்தான் சுத்தணும், போல்ட் தலையப் பிடிச்சு வச்சுக்கொள்ளுங்க. போல்ட்ட இழுக்க முதல் நக்கிளக் கட்டுக்கம்பியால மேல கட்டுங்க, பிரேக் ஹோஸில தொங்க விட்டா ஹோஸ் உள்ளுக்கால வெடிக்கும், வெளிய தெரியாது.

மேல் மவுண்ட் நட்டுக்குப் போற வழி வேனுக்கு வேன் வேற, சிலதில வைப்பருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் கவர எடுக்கணும், சிலதில உள்ளுக்கு மெட்டத் தூக்கணும். கவனமாக் கேளுங்க, சுத்தி இருக்கிற சின்ன நட்டுகளத்தான் கழட்டணும், நடுவில இருக்கிற பெரிய நட்டில கையே வைக்கப்படாது. அந்த ஒரு நட்டுத்தான் அமுங்கி நிக்கிற ஸ்பிரிங்கப் பிடிச்சு வச்சிருக்கு, அதக் கழட்டினா மவுண்ட் முகத்துக்கு வரும்.

பழைய சொக்கில இருக்கிற ஸ்பிரிங்கப் புது சொக்குக்கு மாத்துறதப் பற்றி என்ட கருத்து, கழட்டின ஸ்ட்ரட்ட அப்பிடியே சைக்கிள்ல வச்சு, அமுக்கிற மெசின் இருக்கிற கராஜுக்குக் கொண்டு போங்க. நான் அப்பிடித்தான் செஞ்சன், கராஜ் பாஸ் (மெக்கானிக்) பத்து நிமிசத்தில ரெண்டையும் முடிச்சிட்டார். வீட்டில கொக்கிப் போல்ட் அமுக்கியால செய்றதெண்டா ரெண்டு கொக்கியும் ஸ்பிரிங்குக்கு நேர் எதிர் எதிர்ப் பக்கம் நிக்கணும், ஒண்டில ரெண்டு சுத்து மத்ததில ரெண்டு சுத்து எண்டு சமனா இறுக்கணும், ஸ்பிரிங் ரெண்டு தட்டிலயும் ஆடுற அளவுக்கு இளகினாப் பிறகுதான் நடு நட்டு. அதுக்கு நேர முகத்த வைக்காதீங்க, பிள்ளைகள வளவுக்குள்ள விடாதீங்க.

புது சொக்க நிமித்திப் பிடிச்சு நாலஞ்சு தரம் முழுக்க அமுக்கி இழுத்து விடுங்க, உள்ளுக்கு இருக்கிற காத்து வெளியேறும். மினுங்குற கம்பியக் குறட்டால பிடிக்கவே ஒண்ணா, ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிஞ்சு ஒழுகும். டஸ்ட் கவர், பம்ப் ரப்பர், பேரிங் எல்லாம் இருந்த வரிசைக்கே போகணும், ஸ்பிரிங் நுனி கீழ்த் தட்டில இருக்கிற படியில வடிவா முட்டி நிக்கணும். பூட்டும்போது மேல் நட்டுகள முதல் கையால, பிறகு நக்கிள் போல்ட் ரெண்டும், கோட்டுக்கு நேர.

லோவர் ஆர்ம்

இதுதான் எங்கட நாளத் திண்டது. போல் பக்கம் சில வேன்ல டை ரொட் மாதிரிக் கூம்பு, சிலதில குறுக்கால ஒரு போல்ட் நெரிச்சுப் பிடிச்சிருக்கும். குறுக்குப் போல்ட் எண்டா அத முழுசா வெளிய இழுக்கணும், தண்டில இருக்கிற வெட்டுக்குள்ளால அது போறதால இளக்கினா மட்டும் வராது. பிறகு ஆர்ம அலவாங்கால கீழ நெம்பினா கழண்டிடும்.

பொடிப் பக்கம் பெரிய போல்ட். இடது பக்கம் நட்டுக் கழண்டிட்டு, போல்ட்டும் சுத்துது, மச்சான் "வருது வருது" எண்டான், பாத்தா ஒரு மில்லிமீட்டரும் வெளிய வரல்ல. புஷ்ஷுக்கு நடுவில இருக்கிற இரும்புக் குழாயில டிப்பெக்ஸ் புள்ளி ஒண்டு வச்சிட்டுத் திரும்பச் சுத்தினன், புள்ளியும் சேந்து சுத்துது. போல்ட்டும் குழாயும் கறள்ல ஒண்டாகிட்டு, ரப்பர்தான் உள்ளுக்குக் கிழிஞ்சு சுத்துது. இந்த நிலைமைக்கு வந்தா ஸ்பிரே, அடி எல்லாம் வீண், குழாய்க்கும் பிரெக்கட்டுக்கும் இடையில வாளக் குடுத்து ரெண்டு பக்கமும் அறுக்கணும். நெருப்புப் போடாதீங்க, பெற்றோல் வாகனம், பிரேக் ஹோஸும் பக்கத்தில, அடிச்ச ஸ்பிரேயும் பத்தும். ஒண்டரை மணித்தியாலம் அறுத்தம், வாள் மூணு உடைஞ்சது. போல்ட் முதலே வாங்கி வைங்க எண்டது இதுக்குத்தான், ஞாயித்துக்கிழமை அந்திக்குக் கடை தேடி அலைய ஏலாது.

புது போல்ட் பூட்டும்போது நடுத் தண்டுக்கு கிரீஸ் பூசி விடுங்க, புரியில பூசாதீங்க. அடுத்த தரம் கழட்டுறவன், அது அநேகமா நீங்கதான், கும்பிடுவான்.

இனி எல்லாரும் பிழைக்கிற இடம். ஆர்ம் போல்ட்ட டயர் தொங்கும்போது முழுசா இறுக்க ஒண்ணா. புஷ் ரப்பர் நடுக் குழாயோட ஒட்டினது, இறுக்கும்போது குழாய் எந்த நிலையில நிக்குதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினா வேன் தரைக்கு வந்த உடன ரப்பர் முறுகும், அந்த முறுக்கோடயே ஓடி ஓடிக் கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும், பிறகு சாமான் சரியில்ல எண்டு கடைக்காரனோட சண்டை. கையால இறுக்கி விட்டிட்டு, டயரப் பூட்டி, வேன இறக்கி ரெண்டு தரம் அமுக்கி விட்டு, பாரம் டயர்ல நிக்கும்போது இறுக்குங்க. கீழ பூர இடம் இல்லாட்டி, ஸ்டாண்ட் வேனத் தாங்கினபடி, போல் ஜொயின்ட்டுக்குக் கீழ ஜெக்க வச்சு ஆர்ம வழமையா நிக்கிற உயரத்துக்குத் தூக்கிட்டு இறுக்கலாம். எவ்வளவு இறுக்கணும் எண்டது வேனுக்குரிய சேர்விஸ் புத்தகத்தில இருக்கு, அதப் பாத்து டோர்க் ரென்ச்சாலதான் செய்யணும்.

வீல் நட்டு எவரிக்கு 85 நியூட்டன் மீட்டர். டோர்க் ரென்ச் இல்லாட்டி ஒரு கணக்கு, 35 சென்டிமீட்டர் கம்பி நுனியில 25 கிலோ, அதாவது அரை மூட்டை சீமெந்துப் பாரம் வச்ச மாதிரி. கம்பிக்கு மேல ஏறி மிதிக்கிறது கனக்க. நட்ட எதிர் எதிரா இறுக்குங்க.

வெளிக்கிட முதல்

ஸ்டியரிங்க இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் திருப்பி பிரேக் ஹோஸ் எங்கயாவது இழுபடுதா, முறுகி நிக்குதா எண்டு பாருங்க. கெலிப்பர (பிரேக் பேட்ட அமுக்கிற பகுதி) கழட்டியிருந்தா பிரேக்க நாலஞ்சு தரம் மிதிச்சு இறுக்கம் வந்த பிறகுதான் கியர். முதல் ஓட்டம் மெதுவா, பக்கத்து ஒழுங்கைக்குள்ள, ரெண்டு தரம் பிரேக் பிடிச்சுப் பாத்து, பிறகு நேர அலைன்மென்ட்டுக்கு. எண்ணிப் பூட்டினாலும் அலைன்மென்ட் கட்டாயம், டை ரொட் எண்ட்டும் நக்கிள் போல்ட்டும் கழட்டினாக் கோணம் மாறித்தான் இருக்கும், விட்டா புது டயர் ஒரு மாசத்தில கரையும். 100 கிலோமீட்டர் ஓடினாப் பிறகு எல்லா போல்ட்டுக்கும் ஒருக்கா ஸ்பானர் போட்டுப் பாருங்க. எனக்கு வலது பக்க ஸ்டெபிலைசர் லிங்க் நட்டுக் கொஞ்சம் இளகியிருந்தது.

கழட்டின பழைய சொக்குக்குள்ள கேஸ் அமுக்கத்தில இருக்கலாம், குப்பையோட சேத்து எரிக்காதீங்க, அறுக்கவும் வேணாம். பழைய இரும்புக்காரன் வரும்போது சொக் எண்டு சொல்லிக் குடுங்க.